உள்ளே வந்தால்தான் கணக்கு

வாரங்கல்லில் விடியற்காலையில் திறந்துவிட்ட புறா, ஆந்திரத்து வெயிலையும் பருந்துகளையும் பார்சல் டிரோன்களையும் தாண்டி வியாசர்பாடிக்கு வந்துவிட்டது. வந்த புறா கூண்டுக்குள் நுழையாமல், ஹவுசிங் போர்டு மொட்டைமாடியின் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. எப்சிபா தீனி டப்பாவை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்துபோனாள்.

"வாடா மேஸ்திரி. உள்ள வந்து கோதிக்கடா."

மேஸ்திரி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அசையவில்லை.

வீட்டுக்கு வருவது வேறு, கூண்டுக்குள் வருவது வேறு. பந்தயத்தில் இரண்டாவதுக்குத்தான் மதிப்பு. கூண்டின் வாசலில் உள்பக்கம் மட்டும் திறக்கிற கம்பிகள் தொங்கும். அதற்கு முன்னால் ஒரு பலகை. காலில் சிப் வளையம் போட்ட புறா அந்தப் பலகையை மிதித்தால்தான் மின்கடிகாரம் நேரத்தைப் பதியும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் முதலாவதாகப் பறந்து வந்த புறா, கடைசி இருபதடியில் தயங்கி நின்று தோற்பது எல்லாப் பந்தயத்திலும் நடப்பதுதான். அதற்காக ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சிலர் பட்டினி போட்டு அனுப்புவார்கள். சிலர் வெள்ளைப் புறா ஒன்றைக் கையில் பிடித்துப் படபடக்கவிடுவார்கள். எப்சிபா ஜோடியைப் பிரித்துவைத்து, அனுப்புவதற்கு முன் பெட்டையை ஒரு பார்வை காட்டி அனுப்புவாள். எல்லாமே சில நாள் பலிக்கும், சில நாள் பலிக்காது.

அன்று பலிக்கவில்லை. கொளத்தூர்க்காரர் புறா ஜெயித்தது.

எப்சிபா மாநகரப் பேருந்தில் நடத்துநர். கூட்டத்தில் நசுங்கி, சில்லறைக்குச் சண்டை போட்டுவிட்டு வந்து, மாடியேறிப் புறாக்களுக்கு நடுவே நின்றால்தான் அவளுக்கு மூச்சு சீராகும். அவள் கணவன் கிருபாகரன் ஒரகடம் பக்கம் ஒரு பேட்டரி தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வாரம் முழுக்க அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வருவான். வந்ததும் மகள் ஷாரனைத் தோளில் உட்காரவைத்து மூன்று மாடியும் ஏறுவான். பத்து வயதாகிவிட்டது, இறக்கிவிடு என்று அவள்தான் கத்துவாள்.

தோற்றுப்போன அடுத்த வாரம் புறாப் பந்தயக் கிளப் செயலாளர் சர்தார் பாய் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் நிரஞ்சனா. ஏதோ எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஆராய்ச்சி செய்கிறவள். ஷூவைக் கழற்றிவிட்டு, சுடுகிற தளத்தில் வெறுங்காலோடு நின்று கேட்டாள்.

"கடைசி நிமிஷத்துல புறா ஏன் அக்கா தயங்குது?"

"களைப்பு. பயம். சிலதுக்குத் திமிரு."

"உள்ள வந்த பிறகு?"

"அடங்கிடும். பொட்டை பக்கத்துல போயி நின்னு ஒரு சத்தம் குடுக்கும் பாரு. ஒடம்பே லேசாயிடும் அதுக்கு."

"அந்த ஒரு நொடிதான் எனக்கு வேணும்," என்றாள் நிரஞ்சனா. "அப்ப மூளையில ஒரு துடிப்பு வருது. வந்துசேர்ந்துட்டோம்ங்கிற உணர்வு. அதைப் பதிவு பண்ணி, கூண்டுல ஒரு பெட்டி வெச்சு, அந்தப் பெட்டிகிட்ட வரும்போது மட்டும் திரும்பக் கொடுத்தா, புறா நேரா இறங்கிடும். வலி இல்ல, மருந்து இல்ல. காதுக்குப் பின்னால ஒரு சின்னப் பொட்டு ஒட்டணும், அவ்வளவுதான்."

எப்சிபாவுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. மழைக்காலம் முடியும்வரை நிரஞ்சனா வாரம் தவறாமல் வந்தாள். எந்தப் புறா எப்போது அடங்கும், குஞ்சு வைத்திருக்கும் ஆண் எப்படி விரைந்து வரும், பெட்டையைக் காட்டினால் எவ்வளவு நேரம் அந்தத் தவிப்பு நிற்கும் என்று எப்சிபா சொல்லிக்கொண்டே போனாள். டீ போட்டுக் கொடுத்தாள். கம்பெனிக்காரர்கள் சம்மதத்துக்கென்று நீட்டிய கருவியில் விரல்ரேகையும் வைத்தாள்.

பொட்டு ஒட்டிப் பறந்த அந்தப் பருவத்தில் மேஸ்திரியை யாராலும் தொட முடியவில்லை. வானத்திலிருந்து கல் விழுவதுபோல இறங்கும், பலகையை மிதிக்கும், உள்ளே போய்விடும். கிருபா ஒரு சனிக்கிழமை அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நான் கூட இவ்ளோ ஆசையா வூட்டுக்கு வர்றதில்லபா."

பருவத்தின் கடைசிப் பந்தயத்தன்று மேஸ்திரி வரவேயில்லை. எப்சிபா மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்கிலிருந்து வந்த புறா அவள் தலைக்கு மேலேயே பறந்தது. கீழே கூண்டில் அதன் பெட்டை இருந்தது, கண் திறக்காத இரண்டு குஞ்சுகள் இருந்தன. திரும்பிக்கூடப் பார்க்காமல் நான்கு தெரு தள்ளி, சர்தார் பாய் வீட்டு மாடியில் போய் இறங்கியது.

அவள் ஓடினாள். சர்தார் பாய் மாடியில் நிரஞ்சனா நின்றிருந்தாள். பக்கத்தில் அந்தப் பெட்டி. காலையில் சரிபார்ப்பதற்கென்று எடுத்துப்போன பெட்டி. மேஸ்திரி புதிய கூண்டுக்குள் கண் சொருகி, உடம்பு லேசாகி நின்றது. இதுவரை அந்தக் கூண்டை அது பார்த்ததே கிடையாது.

"ஒரு சோதனைதான் அக்கா. இடத்தை மாத்தினா வேலை செய்யுதான்னு."

"குஞ்சு கத்திகினு கீது அங்க. அதுக்கு இது வூடுன்னு யாரு சொன்னது?"

"நாங்கதான் சொன்னோம்," என்றாள் நிரஞ்சனா, மிகவும் மெதுவாக. பெருமையாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை.

எப்சிபா அன்றே எல்லாப் பொட்டுகளையும் பிய்த்துப் போட்டாள். கம்பெனிக்காரர்கள் தகராறு செய்யாமல் பெட்டியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். வேண்டியது கிடைத்துவிட்டவர்களின் அமைதி அது என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை. காதுப் பொட்டைப் பிய்த்த பிறகும் மேஸ்திரி, திறந்தால் சர்தார் பாய் மாடிக்கே பறந்தது. குஞ்சுகளில் ஒன்று செத்தது. பெட்டையோடு சேர்த்துப் பல வாரம் அடைத்துவைத்த பிறகுதான் மேஸ்திரிக்குத் தன் கூண்டு மறுபடி தன் கூண்டாயிற்று.

அடுத்த கோடையில் கிருபா ஒரு சனிக்கிழமை வரவில்லை. ஓவர்டைம் என்றான். பிறகு இன்னொரு சனிக்கிழமை. அப்புறம் சம்பளம் மட்டும் வந்தது. போனில் பேசினால் நன்றாகத்தான் பேசினான். சாப்பிட்டாயா, ஷாரன் படிக்கிறாளா என்று கேட்டான். வா என்றால் மட்டும், "வரணும், வரணும்," என்று இழுத்தான்.

ஒரு நாள் ஷாரன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "அப்பாக்கு நம்மளப் புடிக்கலியாம்மா?"

எப்சிபா போனில் போட்ட சத்தத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்றான். உள்ளே வா என்றதற்கு ஒரு கால் வைத்தான், எடுத்தான். பிறகு கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. அவனுக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்திருந்தாள். ஒரு துண்டு தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான். ஷாரன் மடியில் ஏறியபோது அவள் தலையைத் தடவிய கை, யாரோ வீட்டுக் குழந்தையைத் தடவுவதுபோல இருந்தது.

"இன்னாபா ஆச்சு ஒனக்கு?"

"ஒண்ணுமில்ல எப்சி. வூட்டுக்குப் போவணும், லேட்டாவுது."

"இது இன்னாது?"

கிருபா குழம்பினான். அவளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், ஷாரனின் பள்ளிப் பையைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தெரியும் எப்சி. இதுதான் வூடுன்னு தெரியும். ஆனா தோணல."

தலையை ஒரகடம் இருக்கிற தென்மேற்குப் பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாத இடத்தில் திறந்துவிட்ட புறா அப்படித்தான் பார்க்கும். எப்சிபா அவன் காதுக்குப் பின்னால் முடியை விலக்கினாள். சதை நிறத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள். மேலாளர் அவளைக் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். பொட்டு என்றதும் அவர் எதிரே இருந்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து யாரையோ கூப்பிட்டார். வந்தவள் நிரஞ்சனா.

"நல்லா இருக்கீங்களா அக்கா?"

மேலாளர்தான் பேசினார். "மேடம், நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல. எல்லாரும் சம்மதம் கொடுத்திருக்காங்க. தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடிக்கிற பாதுகாப்புக் கருவி அது. கூடவே ஹாஸ்டல்ல ஒரு நிம்மதி. கேட் எப்பவும் திறந்தேதான் இருக்கு, நீங்களே பார்த்திருப்பீங்க. வாட்ச்மேன்கூட இல்ல."

அவள் பார்த்திருந்தாள். பூட்டில்லாத கேட். அதற்குள் ஆயிரம் ஆண்கள்.

"தெறந்து வெச்சிட்டு யாரும் போவாத மாதிரி பண்ணிட்டீங்க. கேட்ட மூடி வெச்சிருந்தாலாவது வெளிய நின்னு கத்தலாம்."

"முன்னெல்லாம் பாதிப் பேர் பொங்கலுக்குப் போனா திரும்பி வர மாட்டாங்க மேடம். இப்ப அந்தப் பிரச்சினையே இல்ல. விபத்து குறைஞ்சிருக்கு. குடி குறைஞ்சிருக்கு."

நிரஞ்சனா குறுக்கிட்டாள். "அக்கா, ஒடிசாவுலேருந்து, பீகார்லேருந்து பசங்க வர்றாங்க. ராத்திரி முழுக்கப் போர்வைக்குள்ள அழுவாங்க. வீட்டு ஏக்கம் ஒரு நோவுதான். அதை எடுத்துட்டோம். அது தப்பா?"

"எடுக்கலம்மா நீ. எடத்த மாத்தி வெச்சிருக்கே. அந்த ஏக்கம் இப்பவும் கீது. என் வூட்ல ஒக்காந்து என் புருஷன் வேர்த்துக்கொட்றான் பாரு, அந்த ஏக்கம்தான் அது." எப்சிபா நிரஞ்சனாவை நோக்கி விரலை நீட்டினாள். "எங்கேருந்து கத்துக்கின இத? என் மாடியில. என் கையால டீ வாங்கிக் குடிச்சிகினு. நான் ஒரு புறாவ உள்ள எறக்க வழி சொன்னேன். நீ ஆயிரம் பேரோட பொண்டாட்டி புள்ளைங்கள வெளிய தள்ளிட்டே."

"நீங்களும் சம்மதம் கொடுத்திருக்கீங்க மேடம்," என்றார் மேலாளர், மரியாதை குறையாமல்.

அவள் ஜூஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுபடி போனில் சத்தம் போட்டதில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருபா வந்தபோது, எப்சிபா அவன் காதுப் பொட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, கதவை வெளியிலிருந்து பூட்டினாள். மேஸ்திரிக்குப் பலித்தது மனுஷனுக்கும் பலிக்கும் என்று நம்பினாள். வேறு வழி தெரியவில்லை. இரண்டு நாள் கிருபா கெஞ்சினான், அழுதான், கதவை மோதினான். மூன்றாம் நாள் காலை போலீசைக் கூப்பிட்டுவிட்டான்.

ஸ்டேஷனில் அவளைப்போலவே இன்னும் நான்கு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கணவனையோ மகனையோ வீட்டில் அடைத்தவர்கள். எல்லாரும் அதே தொழிற்சாலை. சட்டப்படி ஒருவரை அடைத்துவைப்பது குற்றம். பூட்டே போடாமல் ஆயிரம் பேரை அடைத்தவன் மேல் எழுத எந்தப் பிரிவும் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். கிருபாவைக் கேட்டாள். "உங்களுக்கு எங்க போகணும்?"

"வூட்டுக்கு மேடம்."

"எது உங்க வீடு?"

"ஹாஸ்டல். ரெண்டாவது மாடி. அதான் என் வூடு."

அவள் அப்படியே எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினாள். கம்பெனி வேன் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. எப்சிபாவை எச்சரித்து அனுப்பும்போது சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள். "புருஷன் எதைத் தன் வீடுன்னு சொல்றானோ, அதுல குடியிருக்கப் பொண்டாட்டிக்கு உரிமை இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் எங்க முன்னாடியே சொல்லிட்டாரு. நான் வேற ஒண்ணும் சொல்லல."

அந்த வாரமே ஐந்து பெண்களும் கேஸ் அடுப்பு, பாய், பிள்ளைகள் சகிதம் ஹாஸ்டலில் போய் இறங்கினார்கள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க ஆளே வைத்திருக்கவில்லை. மேலாளர் ஓடிவந்து இது ஆண்கள் விடுதி என்றார். "என் புருஷன் வூடுங்க," என்று சொல்லிவிட்டு எப்சிபா வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.

அன்று கிருபா சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஷாரனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடைபாதையின் நீளத்துக்கும் ஓடினான். பழைய கிருபா. காதுக்குப் பின்னால் புதிய பொட்டு மின்னியது. அவன் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எப்சிபாவுக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அந்தச் சிரிப்பைக்கூட இன்னொருத்தர் கையில் வாங்கவேண்டியிருக்கிறது.

சில நாள் கழித்து நிரஞ்சனா அறைக்கு வந்தாள். வெளியேறச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று எப்சிபா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள்.

"இல்லக்கா. கம்பெனிக்கு ரொம்ப சந்தோஷம். குடும்பம் கூட இருக்கிறவங்களுக்கு அந்த உணர்வு இன்னும் பலமா வேலை செய்யுது. குடும்பக் குடியிருப்பு கட்டப்போறாங்க." கையிலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்தாள். பஞ்சின்மேல் இரண்டு பொட்டுகள். "உங்களுக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணு. வியாசர்பாடி ஞாபகம் வந்து கஷ்டப்பட வேண்டாம்."

எப்சிபா பெட்டியைத் தட்டிவிடத்தான் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அடக்கிக்கொண்டு கேட்டாள். "நீ ஒட்டிக்கினியாம்மா? மொதல்ல நீ ஒட்டிக்கினு அப்பால எங்களுக்குக் குடு."

நிரஞ்சனா தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். அங்கே இருந்தது. விளிம்பு தோலோடு ஒன்றிப்போன பழைய பொட்டு.

"மனுஷங்கள்ல முதல்ல எனக்குத்தான் ஒட்டினோம். ஆராய்ச்சிக் கூடத்துல. அடுத்தவங்களுக்குச் செய்யறதுக்கு முன்னால எனக்குச் செஞ்சுக்கிட்டாதானே நியாயம்." சிரித்தாள். "நல்லா இருக்கேன் அக்கா. எந்தக் கஷ்டமும் இல்ல."

"எந்த ஊரு நீ?"

"சாத்தூர்."

"எப்ப போன கடைசியா?"

நிரஞ்சனா யோசித்தாள். யோசனை நீண்டது. "போகணும்னு தோணல."

"அம்மா கீறாங்களா?"

"இருப்பாங்கன்னு நினைக்கிறேன்," என்றாள்.

கட்டிலில் ஷாரனோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கிருபா நிமிர்ந்து பார்த்தான். எப்சிபாவுக்கு அவ்வளவு நாள் தேக்கிவைத்திருந்த வசவெல்லாம் வீணாயிற்று. திட்டுவதற்கு எதிரே ஆள் இல்லை. ஆளை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

"அம்மா நம்பர் சொல்லு," என்றாள்.

நிரஞ்சனா தடங்கலில்லாமல் சொன்னாள். எப்சிபா தன் போனில் அடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"யாரு பேசுதது?"

"அம்மா, நான் மெட்ராஸ்லேருந்து பேசறேன். ஒங்க பொண்ணு நிரஞ்சனா என் பக்கத்துல கீது."

"எம்மவ நல்லாருக்காளா தாயி? எம்மேல என்ன கோவமாம் அவளுக்கு?" என்று கேட்டது அந்தக் குரல்.

நிரஞ்சனா போனைப் பார்த்தாள். அவள் முகத்தில் வெறுப்பில்லை, பாசமுமில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள்; எதிர்க் கட்டடத்தில் ஆராய்ச்சிக் கூடத்தின் விளக்குகள் தெரிந்தன. நேரமாகிறது என்பதுபோல நின்ற இடத்திலேயே கால் மாற்றினாள்.

"கோவமெல்லாம் இல்லம்மா," என்றாள் எப்சிபா. "ஒங்க பொண்ணு நோவுல கீது. தானா வராது. கெளம்பி வாங்க. துணைக்கு ஆளோட வாங்க, தூக்கிகினு போற மாதிரி."

போனை அவள் வைத்தபோது கிருபா அருகில் வந்து நின்றிருந்தான். அவன் கண் நிரஞ்சனாவின் முகத்தைவிட்டு நகரவில்லை. கை தானாகக் காதுக்குப் பின்னால் போயிருந்தது.

"எப்சி. வூட்டுக்கு வந்தப்போ நானும் இப்படித்தான் நின்னேனா?"

"இப்படியேதான்."

"ஷாரன் முன்னாடியா?"

எப்சிபா தலையசைத்தாள். கிருபா மகளைப் பார்த்தான். அவள் பென்சிலை வாயில் வைத்தபடி நிரஞ்சனாவையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவன் நகத்தால் பொட்டின் விளிம்பைக் கிளப்பினான். உரித்து எடுக்கையில் பல்லைக் கடித்தான். முகம் முழுக்கச் சட்டென்று வியர்த்துவிட்டது. பொட்டைத் தரையில் போட்டான். பிறகு ஓர் ஓலா டாக்ஸியைப் பிடிக்கச் சொல்லி மனைவியின் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டான்.

"வியாசர்பாடிக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்குப் போவோம்," என்றான். "அந்த மேடம்கிட்ட நானே சொல்லி எழுதிக் குடுக்கறேன், என்னைப் பூட்டி வெக்கச் சொல்லி. அப்பால கதவப் பூட்டிடு. நான் கெஞ்சுவேன் எப்சி. ஒன் கால்ல வுழுவேன். நம்பாத."